ஒரே பைக்குக்கு மூணு எடை: டர்ட் பைக் பிரவுச்சரை எப்படிப் படிக்கிறது?

[திரையில்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பிரவுச்சர். ஒண்ணுல 102 கிலோ, இன்னொண்ணுல 109 கிலோ]

ரெண்டும் 450 சிசி மோட்டோகிராஸ் பைக், அதாவது மண் டிராக்குல ரேஸ் ஓட்டுற பைக். ஏழு கிலோ வித்தியாசம்னு பார்த்ததும் மனசு 102 பக்கம் சாயும். கொஞ்சம் பொறுங்க. அந்த எண்ணுக்குக் கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

109 கிலோ, 2023 யமஹா ஒய்இசட்450எஃப். இது வெட் வெயிட். எஞ்சின் ஆயில், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட், டேங்க் நிறைய 6.2 லிட்டர் பெட்ரோல், எல்லாம் சேர்ந்த எடை. ஹோண்டா இதைத்தான் கர்ப் வெயிட்னு போடும். கேடிஎம் பட்டியல்ல இருக்கிறது பெட்ரோல் இல்லாத எடை. மூணாவது, பழைய பிரவுச்சர்ல வர்ற டிரை வெயிட். இதுதான் வில்லங்கம். ஆயில் இல்லை, கூலன்ட் இல்லை, சில நேரம் பேட்டரிகூட இருக்காது. எதையெல்லாம் கழிச்சாங்கன்னு பெரும்பாலும் எழுதவும் மாட்டாங்க.

ரோட்டுல ஓடுற பைக்குக்கு அனுமதி தர்ற சோதனையில இப்படி இஷ்டத்துக்கு எடை போட முடியாது. ஐரோப்பிய விதிப்படி டேங்க்ல 90 சதவீதமாவது பெட்ரோல் ஊத்தித்தான் எடை போடணும். ரேஸ் டிராக்குக்கு மட்டும் விக்கிற பைக்குக்கு அந்த அனுமதிச் சோதனையே கிடையாது.

[திரையில்: கால்குலேட்டர்]

ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். 102 கிலோ பைக்கோட எடை பெட்ரோல் இல்லாம, டேங்க் 7.2 லிட்டர்னு வெச்சுக்குங்க. 7.2 பெருக்கல் 0.74, 5.3 கிலோ. இப்ப அது 107.3. ஏழு கிலோ வித்தியாசம் 1.7 ஆயிடுச்சு. டிரை வெயிட்டா இருந்தா, ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் இன்னும் ரெண்டு கிலோ சேருங்க.

[காட்சி: முன்சக்கரத்துக்கு அடியில குளியலறைத் தராசு]

நாமளே எடை போட்டுடலாம். முன்சக்கரத்தைத் தராசுல ஏத்திக் குறிச்சுக்குங்க, அப்புறம் பின்சக்கரம், ரெண்டையும் கூட்டுங்க. தரை மட்டமா இருக்கணும். நிறைய பேர் கோட்டை விடுறது ஒரே இடத்துல: தராசு எவ்வளவு உயரமோ அதே கனத்துல ஒரு பலகையை அடுத்த சக்கரத்துக்கு அடியில வைக்கணும். வைக்கலைன்னா, தூக்கி நிக்கிற சக்கரத்துல இருந்து பாரம் தாழ்ந்த பக்கம் நகரும். ரெண்டு தடவையும் தராசு குறைச்சுத்தான் காட்டும். தராசு உயரமா இருக்க இருக்க, மொத்தத்துல காணாமப் போற எடையும் கூடும்.

சைடு ஸ்டாண்ட் போடாதீங்க, பிரேக்கைப் பிடிக்காதீங்க, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். ஹேண்டில்பாரை விரல் நுனியால மட்டும் நேரா நிறுத்துங்க, இன்னொருத்தர் எண்ணைப் படிக்கட்டும். குனிஞ்சு நீங்களே படிச்சா உங்க கை பாரமும் அதுல ஏறிடும்.

முதல்ல பைக்கைக் கழுவிடுங்க. மட்கார்டுக்கு அடியில அப்பியிருக்கிற சேறு எந்த பிரவுச்சர்லயும் வராது.