‘ரிஸ்ட்’டில் டபிள்யூ எதற்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். “சார், ரிஸ்ட், ராங், ரெஞ்ச், ரிங்கிள் என்று பல சொற்கள் டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்குகின்றன. வாயில் வராத டபிள்யூவை ஏன் எழுத வேண்டும்? எதற்கு டபிள்யூ உண்டு, எதற்கு இல்லை என்று எப்படி ஞாபகம் வைப்பது?” என்று கேட்கிறார்.

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. என் கையில் ஓர் ஈரத்துண்டு இருக்கிறது. இதைப் பிழிகிறேன், பாருங்கள். வலது கை ஒரு பக்கம் திரும்புகிறது, இடது கை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. துண்டு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தண்ணீர் சொட்டுகிறது. இப்படி முறுக்கிப் பிழிவதற்குத்தான் டபிள்யூ போட்ட ரிங். டபிள்யூ இல்லாவிட்டால் அது மோதிரம், இல்லையென்றால் மணியடிப்பது. இப்போது துண்டை விட்டுவிட்டு என் கையைப் பாருங்கள். எந்த இடம் திரும்பியது? மணிக்கட்டு. அதுதான் ரிஸ்ட். முறுக்குவது, திருகுவது என்ற பொருள் கொண்ட பழைய வேரிலிருந்து வந்த சொல் அது.

மற்ற சொற்களையும் இதே கண்ணோடு பாருங்கள். நட்டைத் திருகுகிற கருவி ரெஞ்ச். நம் ஊர் பிளம்பர் கையில் இருக்கும் பைப் ரெஞ்ச்தான். கொடியை வளைத்து முறுக்கிக் கட்டுகிற மலர்வளையம் ரீத். கையையும் காலையும் முறுக்கிப் பிடிக்கிற மல்யுத்தம் ரெஸ்லிங். புழு நெளிவது ரிகிள். வலி தாங்காமல் உடம்பை முறுக்கித் துடிப்பது ரைத். நெற்றியில் விழும் சுருக்கம் ரிங்கிள். தமிழிலும் சுருள், சுருட்டு, சுருக்கு, சுருக்கம் என்று ஒரு குடும்பம் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ராங். தவறு என்று சொல்கிறோம். அதன் பழைய பொருள் கோணலானது, வளைந்தது. துண்டைப் பிழிகிற ரிங்குக்கு நெருங்கிய உறவு. அதற்கு எதிர்ச்சொல்லான ரைட்டின் பழைய பொருள் நேரானது. தமிழிலும் அப்படித்தானே நினைத்திருக்கிறோம்? நேராக இருப்பது நேர்மை. நல்ல ஆட்சி செங்கோல், அதாவது வளையாத கோல். கெட்ட ஆட்சி கொடுங்கோல், வளைந்த கோல். கொடுவாளில் வருகிற அதே ‘கொடு’, வளைவு. திருக்குறளில் செங்கோன்மை 55-ஆவது அதிகாரம், கொடுங்கோன்மை 56-ஆவது அதிகாரம். நேரும் கோணலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் தவறு என்பதை வளைவாகவே பார்த்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு ராங்குக்கு டபிள்யூ போட மறந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சரி, வாயில் வராத எழுத்து ஏன்? ஒரு காலத்தில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் டபிள்யூ, ஆர் இரண்டையுமே உச்சரித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் டபிள்யூவின் ஒலி தேய்ந்து போனது. காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தது 1476-இல். அச்சு வந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இன்றும் டச்சுக்காரர்கள் பிழிவதை ‘வ்ரிங்கன்’ என்று அந்த முதல் ஒலியோடுதான் சொல்கிறார்கள்.

இந்த முறுக்கைப் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1653-லேயே தன் இலக்கண நூலில் டபிள்யூ, ஆர் என்றால் கோணல், முறுக்கு என்று எழுதிவிட்டார். கணக்கில் முடிவிலிக்கு எட்டைப் படுக்க வைத்தது மாதிரி ஒரு குறி போடுகிறோமே, அதைக் கொண்டுவந்தவரும் இவர்தான். அப்புறம் 1930-இல் ஜே. ஆர். ஃபெர்த் என்ற மொழியியலாளர், இப்படி ஒரே பொருளைச் சுற்றி வருகிற ஒலிக்கூட்டத்துக்கு ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். அவர் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஆராய்ந்து எழுதியவர்.

இன்னும் இரண்டு கூட்டம் சொல்கிறேன். ஜி, எல் சேர்ந்தால் வெளிச்சம்: க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளின்ட். சந்தோஷத்தைச் சொல்கிற க்ளாடுக்கும் பழைய பொருள் பளபளப்பானது. எஸ், என் சேர்ந்தால் மூக்கு: குறட்டை ஸ்னோர், மோப்பம் ஸ்னிஃப், பன்றியின் நீண்ட மூக்கு ஸ்னவுட். தும்மலுக்கு இன்றைக்கு ஸ்னீஸ். பழைய ஆங்கிலத்தில் அது எஸ்ஸில் தொடங்கவே இல்லை, எஃப், என் என்றுதான் தொடங்கியது. பிறகுதான் இந்த மூக்குக் கூட்டத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜி, எல் இருப்பதால் கோந்துக்கான க்ளூ மின்னப் போவதில்லை. ஸ்னோ என்ற பனிக்கும் மூக்குக்கும் உறவில்லை. டபிள்யூ, ஆர் கூட்டத்திலும் கப்பல் உடைவதற்கான ரெக் முறுக்கு வேரிலிருந்து வந்ததல்ல. எழுதுவதற்கான ரைட்டும் அப்படித்தான். அதன் பழைய பொருள் கீறுவது. நாமும் ஓலையில் எழுத்தாணியால் கீறித்தானே எழுதினோம்? அதனால் அந்த இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மற்றவற்றுக்குக் கையைத் திருகிப் பாருங்கள். தேர்வில் ரெஸ்ட் என்ற சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற ரெஸ்ட்டில் கை அசையவே இல்லை, டபிள்யூ வேண்டாம். திருடன் கையிலிருந்த கத்தியைத் திருகிப் பிடுங்கினான் என்று வருகிற ரெஸ்ட்டில் மணிக்கட்டு திரும்புகிறது. அங்கே டபிள்யூ போடுங்கள்.