புத்தகத்தில் பென்சிலால் எழுதலாமா? 350 ஆண்டுகள் கணித உலகைத் தூங்கவிடாத ஓரக்குறிப்பு

[திரையில்: பழைய புத்தகத்தின் ஒரு பக்கம். ஓரத்தில் பொடி எழுத்தில் சில வரிகள்.]

ஏறக்குறைய 1637ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரம். சட்டத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் பியேர் டி ஃபெர்மா. புத்தகம், கிரேக்கக் கணித அறிஞர் டயோஃபாண்டஸ் எழுதிய அரித்மெட்டிகா. 1621இல் லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சான பதிப்பு.

படிக்கும்போது அவருக்கு ஒன்று தோன்றுகிறது. 3இன் வர்க்கம் 9, 4இன் வர்க்கம் 16, இரண்டையும் கூட்டினால் 25. அது 5இன் வர்க்கம். வர்க்கத்தில் இப்படி அமைகிறது. மூன்றாம் படியில் அமையுமா? நான்காம் படியில்? அதற்கு மேல்? எதிலும் அமையாது என்று அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதுகிறார். அதோடு விட்டிருக்கலாம். கூடவே இன்னொன்றையும் எழுதிவைக்கிறார்: இதற்கு அருமையான நிரூபணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், இந்த ஓரத்தில் அதற்கு இடம் போதாது.

இடம் போதாதாம்! அந்த ஒரு வரிக்காக 350 ஆண்டுகளுக்கு மேல் உலகின் மிகப் பெரிய கணித மூளைகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டன. கடைசியில் ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற ஆங்கிலேயர், பத்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில் இந்தப் புதிரைப் பார்த்து மனதில் போட்டுவைத்தவர், 1993இல் விடையை அறிவித்தார். அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. 1994இல் அதை அடைத்தார். 1995இல் நிரூபணம் அச்சில் வந்தது. நூறு பக்கங்களுக்கு மேல். எந்தப் புத்தகத்தின் ஓரமும் அதற்குப் போதாது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் ஃபெர்மாவும் இல்லை, வைல்ஸும் இல்லை. ஃபெர்மாவின் மகன் சாமுவேல். அப்பா இறந்த பிறகு, 1670இல், அந்தப் புத்தகத்தை அப்பா எழுதிய குறிப்புகளோடு சேர்த்து மறுபடி அச்சிட்டவர் அவர்தான். ஃபெர்மா கைப்பட எழுதிய பிரதி பிற்பாடு தொலைந்துபோனது. இன்று நமக்கு அந்த வரி தெரிகிறது என்றால் அது மகன் செய்த புண்ணியம். "புத்தகத்தை இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறாரே" என்று அவர் அலுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

[திரையில்: இரண்டு புத்தகங்கள். ஒன்று புத்தம் புதிது. இன்னொன்று கோடுகளும் குறிப்புகளுமாக.]

வணக்கம். புத்தகம் படிப்பவர்கள் இணையத்தில் எங்கே கூடினாலும் ஒரு சண்டை வரும். யாராவது ஒருவர் சும்மா கேட்பார்: "நீங்கள் புத்தகத்தில் கோடு போடுவீர்களா?" அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "புத்தகத்தில் எழுதுவதா? அதைவிடப் பாவம் உண்டா?" என்று ஒரு பக்கம். "பென்சில் கையில் இல்லாவிட்டால் எனக்கு வாசிக்கவே வராது" என்று இன்னொரு பக்கம். நடுவில் ஒருவர் "பக்க முனையை மடிப்பேன், அது தப்பா?" என்று பயந்து பயந்து கேட்பார்.

நான் பென்சில் கட்சி. இந்த வீடியோ முழுக்க அந்தக் கட்சிக்காகத்தான் பேசப் போகிறேன். எதிர்க்கட்சியினரும் கடைசி வரை பாருங்கள், உங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் புத்தகம் எழுதிய காலத்திலேயே பக்கத்தின் ஓரங்களை அகலமாக விட்டார்கள். படிப்பவர்கள் அங்கே விளக்கம் எழுதினார்கள். முக்கியமான வரிக்குப் பக்கத்தில் விரல் நீட்டும் ஒரு குட்டிக் கையை வரைந்தார்கள். நம் ஹைலைட்டருக்கு அதுதான் பாட்டன்.

ஒன்றை மட்டும் விட்டுப்போக மனமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ் துறவிகள் எழுதிய ஒரு லத்தீன் இலக்கணப் புத்தகம் இப்போது சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் இருக்கிறது. இலக்கணம் என்றால் எவ்வளவு வறட்சி என்று உங்களுக்கே தெரியும். அதன் ஓரத்தில் ஒரு துறவி தன் தாய்மொழியில் ஒரு குட்டிக் கவிதை எழுதியிருக்கிறார். இன்றிரவு காற்று கடுமையாக வீசுகிறது, கடல் கொந்தளிக்கிறது, அதனால் வைக்கிங் கொள்ளையர்கள் கடல் தாண்டி வரமாட்டார்கள், பயமில்லை என்பது அதன் சாரம். புயலைப் பார்த்து நிம்மதி அடைந்த மனிதர்! அந்த இலக்கணப் பாடத்தை இன்று எத்தனை பேர் படிப்பார்கள்? ஓரத்துக் கவிதை ஆயிரம் ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

[திரையில்: கோப்பர்நிக்கஸ் நூலின் முகப்பு, 1543]

சரி, இப்போது நான் சொல்ல ஆசைப்பட்டு இந்த வீடியோவையே எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

1543இல் கோப்பர்நிக்கஸின் பெரிய நூல் வெளிவந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதாடிய நூல். நானூறு ஆண்டு கழித்து, 1959இல், ஆர்தர் கெஸ்லர் என்ற எழுத்தாளர் அதை "யாரும் படிக்காத புத்தகம்" என்று எழுதினார். கணக்கும் அட்டவணையுமாக நிறைந்த தடிப் புத்தகம், யார் படித்திருக்கப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம். கேட்டால் நமக்கும் சரி என்றுதான் படும்.

இதை எப்படிச் சரிபார்ப்பது? ஒரு புத்தகம் எத்தனை பிரதி அச்சானது என்று ஓரளவு கணிக்கலாம். வாங்கியவர் படித்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? நம் அலமாரியில் இருப்பதை எல்லாம் நாம் படித்துவிட்டோமா என்ன?

அமெரிக்க வானியல் அறிஞர் ஓவன் கிங்கரிச்சுக்கு இதே கேள்வி இருந்தது. 1970இல் அவர் எடின்பரோ வானாய்வகத்தில் இருந்த ஒரு பிரதியைத் திறந்து பார்த்தார். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓரங்களில் குறிப்புகள்! யாரோ ஒருவர் வரி வரியாக, கணக்குக் கணக்காக அந்த நூலைக் கரைத்துக் குடித்திருக்கிறார். யார் அவர்? அட்டையின் அலங்கார வேலைப்பாட்டுக்குள் சில முதலெழுத்துகள் மறைந்திருந்தன. அவற்றை வைத்துக் கண்டுபிடித்தார்கள்: எராஸ்மஸ் ரைன்ஹோல்ட். கோப்பர்நிக்கஸுக்கு அடுத்த தலைமுறையின் மிகச் சிறந்த வானியல் ஆசிரியர்களில் ஒருவர்.

கிங்கரிச் அத்துடன் நிறுத்தவில்லை. ஒருவர் இப்படிப் படித்திருந்தால் மற்றவர்கள்? அந்த நூலின் முதல் பதிப்பும் 1566இல் வந்த இரண்டாம் பதிப்பும் உலகில் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் போகத் தொடங்கினார். ஒன்று இரண்டு ஆண்டு இல்லை, முப்பது ஆண்டு! சுமார் 600 பிரதிகளின் விவரத்தைத் திரட்டி, எதில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று 2002இல் ஒரு பெரிய பட்டியலாகவே வெளியிட்டார். படிக்கப்பட்டதா இல்லையா என்ற ஒரு கேள்விக்காக ஒரு மனிதர் முப்பது ஆண்டு உலகம் சுற்றியிருக்கிறார். எனக்குத் தெரிந்து வாசகர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை.

அவர் கண்டது என்ன? புத்தகம் படிக்கப்பட்டிருக்கிறது. நன்றாகவே. வானியலாளர் கெப்ளர் வைத்திருந்த பிரதி இருக்கிறது. கலிலியோ வைத்திருந்த பிரதி இருக்கிறது. அப்புறம், ஆசிரியர் எழுதிய ஓரக்குறிப்பை மாணவர் தன் பிரதியில் பார்த்து எழுதிக்கொள்வார், அவரிடமிருந்து இன்னொருவர். ஒரே குறிப்பு ஊர் ஊராகப் பயணம் போயிருக்கிறது. யார் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்பதையே ஓரங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைக்கு நாம் ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புகிறோமே, அதே வேலைதான். மையும் குதிரைவண்டியும் மட்டும் கூடுதல்.

ரைன்ஹோல்டின் குறிப்புகளில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. பூமி சுற்றுகிறது என்று சொல்லும் முதல் பகுதியில் அவர் அதிகம் எழுதவில்லை. பின்னால் வரும் கணக்குப் பகுதிகளில்தான் எழுதிக் குவித்திருக்கிறார். நாம் இன்று எதைப் புரட்சி என்கிறோமோ அதை அவர் கிட்டத்தட்டக் கடந்துபோயிருக்கிறார். கோள்களின் இயக்கத்தைச் சீரான வட்டங்களாகக் கணக்கிட முடிகிறதே என்பதுதான் அவருக்கு மகிழ்ச்சி. ஒரு நூல் வந்த காலத்தில் அதில் எது முக்கியமாகப் பட்டது என்பதை எந்த வரலாற்று நூலும் இவ்வளவு நேராகச் சொல்லாது. அவர் பேனா நின்ற இடம் சொல்கிறது.

ஒரு துப்பறியும் கதையும் உண்டு. வாடிகன் நூலகத்தில் இருந்த ஒரு பிரதியின் குறிப்புகளைப் பார்த்து, இது டைக்கோ பிராகே என்ற மாபெரும் வானியலாளர் எழுதியது என்று கிங்கரிச் முடிவுக்கு வந்தார். பிறகு கையெழுத்துகளை ஒப்பிட்டபோது, எழுதியவர் பால் விட்டிக் என்ற, அதிகம் பேர் அறியாத ஒருவர் என்று தெரிந்தது. இந்த விட்டிக் அதே நூலின் நான்கு பிரதிகளில் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு புத்தகத்தை நான்கு முறை வாங்கி நான்கிலும் எழுதியவரை எனக்கு ஏனோ நேரில் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

தணிக்கையும் ஓரத்தில்தான் தெரிகிறது. 1620இல் திருச்சபை இந்த நூலில் எந்தெந்த வரிகளை அடிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. இத்தாலியில் இருந்த பிரதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படியே திருத்தப்பட்டன. வெளிநாடுகளில் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கலிலியோவின் பிரதியிலும் அடித்திருக்கிறது. எப்படி? அடியில் இருப்பதைத் தாராளமாகப் படிக்கும் அளவுக்கு, மெலிதாக!

[திரையில்: மடிந்த பக்க முனை]

பக்க முனையை மடிக்கும் அந்த பயந்த நண்பருக்கு இப்போது ஒரு நல்ல செய்தி. ஐசக் நியூட்டனும் மடிப்பார். சும்மா இல்லை, மடித்த முனை அவருக்கு வேண்டிய சொல்லைச் சரியாகத் தொடும்படி மடிப்பார். அடுத்த முறை யாராவது உங்களைத் திட்டினால் இதைச் சொல்லுங்கள்.

சார்லஸ் டார்வின் இன்னும் ஒரு படி மேலே. கையில் பிடிக்க வசதியாக இல்லை என்று கனமான புத்தகத்தை இரண்டாக வெட்டிவிடுவாராம். மகன் பிரான்சிஸ் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் கட்சிக்கே இது கொஞ்சம் அதிகம்தான். அவருடைய பழக்கத்தில் நான் எடுத்துக்கொண்டது வேறு. படிக்கும்போது பக்கவாட்டில் பென்சில் கோடு போடுவார், சில சொற்கள் எழுதுவார், முடித்ததும் கோடு போட்ட பக்கங்களின் எண்களைப் புத்தகத்தின் கடைசியில் பட்டியல் போடுவார். இதை நான் செய்யத் தொடங்கிய பிறகு "அந்த வரி எங்கே படித்தோம்?" என்று புரட்டிப் புரட்டித் தேடுவது நின்றுவிட்டது. செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அவருடைய நூலகத்தின் 1,480 புத்தகங்களில் 730இல் குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

இரவல் புத்தகத்திலும் நூலகப் புத்தகத்திலும் எழுதாதீர்கள். இதில் நான் கறார். கவிஞர் கோல்ரிட்ஜ் ஒருவருக்குத்தான் விலக்கு. அவர் புத்தகம் இரவல் வாங்கினால் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் நிறைந்து, மதிப்புக் கூடி வரும் என்று நண்பர் சார்லஸ் லாம் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். கோல்ரிட்ஜின் ஓரக்குறிப்புகளை மட்டும் தொகுத்தபோது ஆறு பெரிய தொகுதிகள் வந்தன.

எதிர்க்கட்சிக்கு வழி வைத்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1844இலேயே சொல்லிவிட்டார். ஓரத்தில் இடம் போதாத நீளமான குறிப்பை அவர் தனித் துண்டுத்தாளில் எழுதி, துளி பசை தொட்டுப் பக்கங்களுக்கு நடுவே ஒட்டிவைப்பாராம். பசை இல்லாமல் சும்மா செருகினாலும் போதும். புத்தகத்தில் ஒரு கீறல்கூட விழாது. ஃபெர்மாவுக்கு யாராவது அன்றைக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

மின்னூலில் கோடு போடலாம், தேடலாம், எத்தனை பேர் அதே வரியில் கோடு போட்டார்கள் என்றுகூட சில செயலிகள் காட்டும். வசதிதான். கையெழுத்து மட்டும் இல்லை.

[திரையில்: பழுப்பேறிய நாவல் ஒன்றின் பக்கம்]

உங்கள் அலமாரியிலும் வேறு யாரோ எழுதிய குறிப்போடு ஒரு புத்தகம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே கருத்தில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன். என்னிடம் இருப்பதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய புத்தகமாக வாங்கிய ஒரு நாவல். கதையில் ஒரு நல்லவன் அறிமுகமாகும் இடத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்: "இவனை நம்பாதே." நான் பொருட்படுத்தவில்லை. எண்பது பக்கம் தாண்டி அவன் காலை வாரிவிடும் இடத்தில் அதே கையெழுத்து: "சொன்னேன் அல்லவா?" தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதன் கீழே நானும் எழுதினேன்: "நான் நம்பிவிட்டேன்." தேதியும் போட்டேன். அப்புறம் அந்தப் புத்தகத்தைப் பென்சில் கட்சித் தோழி ஒருத்திக்குப் படிக்கக் கொடுத்தேன், நீயும் எழுது என்று சொல்லித்தான். போன மாதம் திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கையெழுத்து: "நான் இன்னும் நம்புகிறேன். பக்கம் 203ஐ மறுபடி படி."

இப்போது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.