விசிட்டிங் கார்டும் லோகோவும்: கார்டைப் பெறுபவரின் பக்கத்திலிருந்து ஒரு பார்வை

வணக்கம் நண்பர்களே. தொழில் சந்திப்புகளில் கைமாறும் விசிட்டிங் கார்டைப் பற்றியும் அதில் இடம்பெறும் லோகோவைப் பற்றியும் இந்தக் காணொளியில் பேசவிருக்கிறேன். கார்டு என்பது தன்னைப் பற்றிய விளம்பரம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் வடிவமைக்க உட்காருகிறார்கள். ஆனால், கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து, பையில் சேர்ந்த கார்டுகளை எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "இவர் யார், இவரிடம் என்ன பேசினோம்?" என்று யோசிக்கிறாரே, அவருக்குத்தான் அது பயன்பட வேண்டும்.

இதோ, இந்தக் காணொளிக்காகவே அச்சிட்ட ஒரு மாதிரிக் கார்டைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். லோகோ பாதி அட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பெயரோ கீழ் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. மூன்று தொலைபேசி எண்கள், இரண்டு மின்னஞ்சல் முகவரிகள், வரிசையாக ஐந்து சமூக ஊடகச் சின்னங்கள் எனத் தகவலுக்குக் குறைவில்லை. எந்த எண்ணில் அழைத்தால் இவர் எடுப்பார் என்பதுதான் தெரியவில்லை. தொழில் என்னவென்று பார்த்தால், "முழுமையான தீர்வுகள்" என்று மட்டும் போட்டிருக்கிறது. இப்போது அடுத்த கார்டைப் பாருங்கள்: பெயர் பெரிதாக, அதன் கீழே "சிறு அலுவலகங்களுக்கான உள் அலங்காரம்" என்று ஒரே வரி, பிறகு ஓர் எண், ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். இரண்டாவது கார்டை வாங்கியவர் உங்களை இன்னொருவரிடம் பரிந்துரைக்கக்கூட முடியும். முதலாவதை வைத்துக்கொண்டு அவர் என்ன சொல்லிப் பரிந்துரைப்பார்?

லோகோவில்தான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். கணினித் திரையில் கையகலத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்த சின்னம், கார்டில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அந்த அளவில் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும், நிழல்கள் அழுக்குப் போலத் தெரியும், லோகோவுக்குள் எழுதிய வாசகத்தை யாராலும் படிக்க முடியாது. ஆப்பிள் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 1976-இல் அதன் முதல் லோகோவில், மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருக்கும் காட்சி நுணுக்கமான கோட்டோவியமாக இடம்பெற்றிருந்தது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு, ராப் ஜானாஃப் வரைந்த கடித்த ஆப்பிளுக்கு மாறினார்கள். சிறிதாக்கினால் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடி வைக்கப்பட்டது என்று ஜானாஃப் பின்னாளில் விளக்கியிருக்கிறார். ஆகவே, டிசைனர் அனுப்பும் லோகோவை முதலில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் மட்டுமே வண்ணத்தைப் பற்றிப் பேசலாம். கோப்பை, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத வெக்டர் வடிவில், அதாவது எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் ஆக, கேட்டு வாங்கிக்கொள்வதும் அவசியம். ஜேபெக் படம் மட்டும் கையில் இருந்தால், பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கும் நாளில் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் (சியான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலந்து அச்சிடுவதில்) மங்கித்தான் வரும். அதனால் வண்ணத்தைத் தாளில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பொடி எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள், ஏனெனில் நான்கு மைகளும் ஒரு மயிரிழை விலகினாலே எழுத்தைச் சுற்றி நிழல் விழுந்துவிடும். தமிழில் அச்சிடுகிறீர்கள் என்றால், ணை, ஞ போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் மையில் அடைத்துக்கொள்ளாதபடி, ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடச் சற்றுப் பெரிய அளவு வையுங்கள். அளவைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் மூன்றரைக்கு இரண்டு அங்குலம், ஐரோப்பாவின் பல நாடுகளில் 85-க்கு 55 மில்லிமீட்டர், ஜப்பானில் 91-க்கு 55 என வழக்கம் மாறுகிறது. எதுவானாலும், பின்னணி வண்ணம் ஓரம்வரை வருகிறது என்றால், அதை வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் நீட்டி விடாவிட்டால் (இதைத்தான் பிளீடு என்பார்கள்) ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியலாம்.

பின்பக்கத்துக்கு கிளாஸ் லேமினேஷன், அதாவது பளபளப்பான மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, வேண்டாம் என்பேன். வாங்கியவர் சந்தித்த இடத்தையும் பேசிய விஷயத்தையும் அங்கே குறித்துக்கொள்ள நினைப்பார். பளபளப்பான பரப்பில் பேனா மை ஒட்டாது. (எழுத்துகளின்மேல் ஒட்டும் பொன்னிற ஃபாயில் என்ற மின்னும் தகட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல தடிமனான, லேமினேஷன் இல்லாத தாளுக்குச் செலவழிக்கலாம் என்பது என் சொந்த ரசனை.)

அந்தப் பக்கத்திலேயே ஒரு கியூஆர் கோடும் வைக்கலாம். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கிய இந்தக் குறியில், ஏற்றும் தகவல் கூடக் கூடக் கட்டங்கள் பெருகி நுண்ணியதாகிக்கொண்டே போகும். பெயர், முகவரி, எண்கள் அனைத்தையும் அதற்குள் திணித்துவிட்டு ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கினால், பல கைபேசிகள் படிக்கத் திணறும். சொந்த இணைய முகவரி ஒன்றைச் சுருக்கமாக வைத்து, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அச்சிடுவதே நல்லது. உங்கள் தளத்துக்குத் திருப்பிவிடும் இடைமாற்று இணைப்பை இலவச சேவைகளிடம் பெற்று நம்பினால், அந்தச் சேவை நின்றுபோகும் நாளில் நீங்கள் கொடுத்த கார்டுகளில் உள்ள குறிகள் அத்தனையும் செயலிழந்துவிடும்.

அச்சகத்திலிருந்து புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதி) வந்ததும் கண்ணால் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து அழைத்து, மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஒரு கடிதம் அனுப்பி, கியூஆர் கோடை வேறொருவரின் பழைய கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.