அரபு ஆய்வு நிறுவனங்கள் கைகோத்தது ஏன்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அரபு நாடுகளில் ஜனநாயகம் ஏன் வேரூன்றவில்லை? இதைக் கலந்து பேச 1983-இல் பெய்ரூட்டின் அரபு ஒற்றுமை ஆய்வு மையம் ஒரு கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்தது. இடம் கொடுக்க எந்த அரபு அரசும் முன்வரவில்லை. கடைசியில் சைப்ரஸ் தீவின் லிமாசோல் நகரத்தில் போய்க் கூடினார்கள். சொந்த நாட்டைப் பற்றிச் சொந்த மொழியில் பேச, அயல்நாட்டில் ஒரு மண்டபம்! அரபு மனித உரிமை அமைப்பு பிறந்ததும் அங்கேதான்.

தனித்து நிற்கும் நிறுவனத்துக்கு என்ன நேரும் என்பதைக் கெய்ரோவில் பார்த்தோம். சமூகவியல் பேராசிரியர் சாத் எத்தீன் இப்ராஹிம் 1988-இல் இப்னு கல்தூன் மையத்தை நிறுவினார். 2000 ஜூன் மாதக் கடைசியில் அவரையும் ஊழியர்கள் சிலரையும் கைது செய்தார்கள். அனுமதி இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தை வாங்கினார், எகிப்தின் பெயரைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. ஏழாண்டுச் சிறை என்று இரண்டு முறை தீர்ப்பானது. 2003 மார்ச்சில் எகிப்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆய்வாளர்கள் எழுத நினைத்ததை எழுதாமல் விட்டிருப்பார்கள்! அந்த இழப்பை எந்த நீதிமன்றம் ஈடுகட்டும்?

மிரட்டல் அரசிடமிருந்து மட்டும் வருவதில்லை. அதே 2003-இல் ரமல்லாவில், பாலஸ்தீன அகதிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பின் முடிவுகளை வெளியிட இருந்தார் பாலஸ்தீன ஆய்வாளர் கலீல் ஷிகாகி. முடிவு பிடிக்காத ஒரு கூட்டம் அவருடைய ஆய்வு மையத்துக்குள்ளேயே புகுந்து தாக்கியது.

இந்தப் பின்னணியில்தான் 2005-இல், சுயேச்சையான அரபு ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பாக ‘அரபு சீர்திருத்த முன்முயற்சி’ உருவானது. அதை முன்னின்று வழிநடத்தியவர் சிரியாவைச் சேர்ந்த அரசியல் அறிஞர் பஸ்மா கொத்மானி. ஷிகாகியின் மையமும், அம்மானில் ஜோர்டான் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் அதில் சேர்ந்தன. அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதை முழுச் சுயேச்சை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் சேர்ந்து செய்த வேலையை மதிக்கிறேன்.

அவர்கள் ‘அரபு ஜனநாயகக் குறியீடு’ என்று ஒன்றைத் தயாரித்தார்கள். அந்தந்த நாட்டு ஆய்வாளர்களே தகவல் திரட்டினார்கள். அளவுகோல் எல்லா நாட்டுக்கும் ஒன்று. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். எழுத்தில் உரிமை இருக்கும், நடைமுறையில் இருக்காது என்பது அதில் எண்களாகவே தெரிந்தது. தன் நாட்டை மட்டும் அளந்து சொல்பவரைத் துரோகி என்பது சுலபம். பல நாட்டார் சேர்ந்து, பக்கத்து நாட்டையும் அதே கோலால் அளந்து சொல்லும்போது அந்தப் பழி அவ்வளவு எளிதாக ஒட்டாது. கூட்டு முயற்சி தரும் பெரிய பாதுகாப்பு இதுதான் என்பேன்.

தீராமல் நிற்பது பணம். வெளிநாட்டு நிதி வாங்கினால் வழக்கு. உள்நாட்டிலோ கொடுக்க ஆளில்லை. இந்த நிலை இயற்கையாக வந்ததல்ல. அரபு நகரங்களில் கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் நூற்றாண்டுக் கணக்கில் வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் நடந்தன. எகிப்தில் 1952-க்குப் பிறகு அந்தச் சொத்துகளின் நிர்வாகத்தை அரசு தன் கைக்குள் கொண்டுபோனது. அரசைச் சாராமல் அறிவை வளர்க்க மக்களே எழுதிவைத்த சொத்து, அமைச்சகத்தின் கணக்கில் சேர்ந்தது. அரசியல் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் தேர்தல் சட்டத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். வக்ஃபுச் சட்டத்தையும் அதே அக்கறையோடு கையில் எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.