மூடுபனிக்குள் ஒரு சுற்று

(குன்னூரில் எங்கள் பங்கின் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்புள்ள பெரியவர்களே, அக்கா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

என் மனைவி 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடுகிறவள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். சிம்ஸ் பூங்காவைத் தாண்டி லேம்ஸ்ராக் போகும் ரோட்டில் காலையில் அவளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நான் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். நம்பிக்கையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசச் சொல்லி ஃபாதர் கேட்டார். அந்த இரண்டும் என்னிடம் இல்லாமல் போன ஒரு வருடத்தைப் பற்றித்தான் என்னால் உண்மையாகப் பேச முடியும்.

கல்யாணமான புதிதில் எல்லாம் சுலபமாக இருந்தது. விடியுமுன் அவள் ஓடுவாள், நான் டார்ச் அடித்துக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போவேன். காட்டெருமையும் கரடியும் நடமாடும் ரோடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகன் பிறந்த பிறகு அது நின்றுபோனது. ஆபரேஷன் செய்து பிறந்தவன். குறைந்தது மூன்று மாதமாவது ஓடக்கூடாது என்றார் டாக்டர். அப்புறமும் வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப முடியும், பால் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். வெளியூர்ப் பயிற்சி என்றால் பாலைப் பீய்ச்சி டப்பாவில் வைத்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, முப்பது வருடம் கொழுந்து பறித்த கால். ஓடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய அம்மாவால் முடியாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் நான்தான் தூக்க வேண்டும்.

எங்களுக்குத் தைரியம் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டு பெயரைச் சொன்னார்கள். மேரி கோமுக்கு 2007ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, 2008ல் மறுபடியும் குத்துச்சண்டையில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். பி.டி. உஷா தாயான பிறகு, 34 வயதில், ஜப்பானில் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார். இரண்டும் சத்தியமான செய்திதான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் உஷாவின் மகன் பிறந்தது 1992ல். அந்தப் பதக்கங்கள் வந்தது 1998ல். நடுவில் ஆறு வருடம் கிடக்கிறது. அந்த ஆறு வருடத்தில் எத்தனை காலைகள், எத்தனை சளிக் காய்ச்சல்கள் இருந்திருக்கும்! ஊக்கம் சொல்கிற யாரும் அதைச் சொல்வதில்லை. மேரி கோமின் ஒரு வருடம்தான் என் மனதில் தங்கியது. அதே கெடுவை என் மனைவிக்கும் வைத்துவிட்டேன், அவளிடம் சொல்லாமலே.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கத்தில் அவளுடைய நேரம்: தேதி, தூரம், நிமிடம், விநாடி. அதில் தப்பில்லை. வலது பக்கத்தில் நான் விட்டதை எழுத ஆரம்பித்தேன். போகாத ஓவர்டைம், போகாத கல்யாணம், தூங்காத பகல். ஏன் எழுதினேன் என்று கேட்டால், அன்றைக்கு எனக்கே பதில் தெரிந்திருக்காது. நேரம் குறைந்தால் வலது பக்கத்தைப் பார்த்துச் சமாதானம் ஆவேன். நேரம் கூடினால் வயிறு எரியும். வீட்டில் அதை முகத்தில் காட்டாமல் இருந்தேன், அதைப் பொறுமை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கணக்குக்கூடச் சரியான கணக்கு இல்லை. அவள் ட்ராக்கில் ஓடுவது ஊட்டி மைதானத்தில், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். தூர ஓட்டம் அங்கே மெதுவாகத்தான் வரும். அந்தக் குறைச்சலுக்கு ஈடுகட்ட உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், இரும்புச் சத்தும் வேண்டும். பால் கொடுத்துக்கொண்டு, ராத்திரி மூன்று தடவை எழுந்துகொண்டிருக்கும் ஒரு பெண் அந்த உயரத்தில் ஓடிய நேரத்தை, கல்யாணத்துக்கு முன் சென்னையில் அவள் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டு நான் வயிறெரிந்திருக்கிறேன்.

ஒரு நாள் மகனின் தடுப்பூசி அட்டையைத் தேடும்போது நோட்டு அவள் கையில் கிடைத்தது. இரண்டு பக்கத்தையும் படித்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊட்டிப் பயிற்சிக்கு எழ அலாரம் வைக்கவில்லை. "பஸ் போயிடுமே" என்றேன். "ஏங்க, நான் ஓடினது உங்களுக்குக் கடனா ஏறிடுச்சா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "கவாத்து வெட்டின செடிகிட்டப் போய் எவனாவது தராசைத் தூக்கிட்டு நிப்பானாடா?" என்று மட்டும் கேட்டாள். இங்கே உட்கார்ந்திருக்கிற தோட்டத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டையாக வெட்டிவிடுவோம். பார்த்தால் செத்த குச்சி மாதிரி நிற்கும். சில மாதங்களுக்கு ஒரு கொழுந்துகூட எடுக்க மாட்டோம். ஆனால் அந்தச் செடிக்கு யாரும் உரம் போடாமல் இருப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஊட்டியில் இருக்கும் காந்தல் குருசடிக் கோயிலுக்குத் தனியாகப் போனேன். முன்பெல்லாம் அங்கே முழங்கால் போட்டால் என் ஜெபம் ஒரே வரிதான்: அவள் ஜெயிக்க வேண்டும். அன்று அந்த வரி வாயில் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்காக இல்லை, வலது பக்கத்துக் கணக்கு தீர வேண்டும் என்றுதான் என்று அங்கே வைத்துத்தான் புரிந்தது. "இன்றைக்கு என் மகன் அழும்போது எனக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளும், சுவாமி" என்று கேட்டேன். இன்று வரைக்கும் அதையேதான் கேட்கிறேன். சில நாள் கிடைக்கிறது, சில நாள் கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

நோட்டை எரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை, அவளுக்கு இடது பக்கம் வேண்டும். வலது பக்கங்களை அவளே கத்தரிக்கோலால் வெட்டினாள். பின்பக்கத்தில் அவளுடைய பழைய நேரங்களும் சில போய்விட்டன. "போனாப் போகட்டும்" என்றாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அலாரம் அடித்தது.

பைபிளில் எபிரேயர் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் மன உறுதியோடு ஓட வேண்டும் என்று இருக்கும். பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. சபை அண்ணன் வைத்திருக்கும் பழைய வேதாகமத்தில் அதே இடத்தில் பொறுமை என்ற சொல் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முன்னால் வருவது. சாட்சிகள் மேகம் போல நம்மைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடச் சொல்கிறது. மேகம் என்றால் நமக்குத் தெரியாதா? ஊட்டி மைதானத்தில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேதான் நிற்கிறேன்.

சில காலைகளில் ட்ராக்கின் எதிர்ப்பக்கம் கண்ணுக்கே தெரியாது. முதல் வளைவில் அவள் திரும்பும்வரை தெரிவாள், அப்புறம் வெள்ளை. ஆரம்பத்தில் அந்த இடத்தில் மகன் வீரிட்டு அழுவான். அம்மா போய்விட்டாள் என்று அவனுக்கு நிச்சயம். நான் என்ன சொன்னாலும் கேட்க மாட்டான். இரண்டு நிமிடத்துக்குள் அவள் மற்றப் பக்கத்திலிருந்து வருவாள், சிரிப்பான். மறுபடி மறைவாள், மறுபடி அழுகை. ஒரு பயிற்சிக்கு இருபது சுற்று என்றால் இருபது அழுகை. எத்தனை வாரம் இப்படிப் போனது என்று நான் எண்ணவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பனிக்குள் மறைந்தாள், அழுகைச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் மறைந்த பக்கத்தை விட்டுவிட்டு, அவள் வெளியே வரப்போகும் பக்கத்தைப் பார்த்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான்.

போன மாதம் கோவையில் ஒரு போட்டியில் ஏழாவதாக வந்தாள். ஆறு பேர் முன்னால் வந்தார்கள். மலை இறங்கும்போது பர்லியார் பக்கத்து வளைவிலும் மகனுக்கு வாந்தி, ஏறும்போதும் அதே வளைவில் வாந்தி, அதனால் போட்டியைவிட அவன் சட்டையை மாற்றியதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

சரி, ஒரு உதவி கேட்டுவிட்டு உட்காருகிறேன். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும்போது அவனை மைதானத்துக்குத் தூக்கிப் போக முடியாது. அந்த மாதம் மட்டும், செவ்வாயும் சனியும் காலையில் மூன்று மணி நேரம் அவனைப் பார்த்துக்கொள்ள யாராவது அக்கா முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். இட்லி சாப்பிடுவான், கேழ்வரகுக் கஞ்சி குடிப்பான். முட்டை மட்டும் வேண்டாம், அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை.