சிக்னல் விழாத கல்யாணம்

நடுவர் அவர்களுக்கும் பாம்பன் பெருமக்களுக்கும் வணக்கம். எனக்கு நேரம் குறைவு, எதிரணியிடம் சரக்கு அதைவிடக் குறைவு.

'தீவு மக்களை வாழவைத்தது கடலா, பாலமா?' நாங்கள் கடல் கட்சி. எனக்கு முன் பேசிய அண்ணன் 1914 ரயில் பாலத்தில் புறப்பட்டு, 1988 சாலைப் பாலத்தில் இளைப்பாறி, 2025-ல் திறந்த தூக்குப் பாலத்தின் உச்சியில் நின்றுகொண்டு கேட்டார்: "கடல் சோறு போட்டது சரி, 1964 புயலில் இலையோடு பிடுங்கியதும் அதே கடல்தானே?" நன்றாகக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

பதில் இருக்கிறது. அதற்கு முன் என் சித்தி கல்யாணம்.

சாலைப் பாலம் வராத காலம். சித்தி பாம்பன், மாப்பிள்ளை பரமக்குடி. கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவர். ரயிலில் பாலத்துக்கு அந்தக் கரையில் இருக்கிற மண்டபம் ஸ்டேஷன் வரை வந்துவிட்டார்கள். காற்று! காற்று மிஞ்சினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். இங்கே மேளம் முழங்குகிறது, அங்கே மாப்பிள்ளை சிக்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் தாய்மாமா பொறுத்துப் பார்த்தார். வல்லத்தை, அதுதான் மீன்பிடிப் படகை, எடுத்துக்கொண்டு மண்டபம் போனார், மாப்பிள்ளையை அலேக்காகத் தூக்கி உள்ளே போட்டார்.

இந்தக் கதையைச் சித்தப்பா சொன்னால் அலை பனைமர உயரம். சித்தி சொன்னால், "முழங்கால் அளவுகூட இல்லை, இவர்தான் 'முருகா முருகா' என்று படகின் முன்முனை அணியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்." மாமா சொல்வது வேறு: "பாதி வழியில், 'திருப்புங்க மச்சான், கல்யாணமே வேண்டாம்' என்றார். எனக்குத் திருப்பத் தெரியும். திருப்பவில்லை!" தலைப்பாகை கடலோடு போச்சு. ஈர வேட்டியோடு தாலி கட்டினார். சீர்ப் பாத்திரமும் அவரைப் பெற்றவர்களும் மறுநாள் ரயிலில் வந்தார்கள்.

சரி அண்ணே, 1964. டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயிலே போனது. உங்கள் பாலமும்தானே போனது? அதை ஏன் சொல்லவில்லை? ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் அதை மறுபடி நிறுத்தினார். எப்படி? கடலில் கிடந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களை, தூக்கி எடுத்து மாட்டினார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறதய்யா கடல்!

பாலம் நிமிர்ந்ததே, தனுஷ்கோடிக்கு ரயில் போனதா? கொழும்புப் பயணிகளுக்காகப் போட்ட தண்டவாளம் அது. இலங்கைத் தலைமன்னாருக்குப் போகிற கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள், தனுஷ்கோடியை அப்படியே விட்டுவிட்டார்கள். வாழத் தகுதியில்லாத இடம் என்றது அரசாங்கம். அங்கே திரும்பிப் போனது யார்? வலைக்காரன். கரண்ட் கிடையாது, மணலைக் கையால் தோண்டினால்தான் குடிக்க ஊற்றுநீர். தனுஷ்கோடிக் கடைக்கோடி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டதே 2017-ல். அதுவரை அவனை வைத்திருந்தது எந்தப் பாலம்?

ஊரை விழுங்கிய கடலிடம் ஏன் போனான் என்கிறீர்களா? அம்மா அடித்தாள் என்று ஓடுகிற பிள்ளை சாயங்காலம் எங்கே வரும்?

இதோ, முன்வரிசையில் கடல்பாசி எடுக்கிற அம்மாக்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி, பாறை இடுக்கில் முங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள். நடுவர் அவர்களே, மதிப்பெண் தாளை மூடிவிட்டு அங்கே பாருங்கள். பெருமக்களே, எனக்குத் தட்ட வேண்டாம், அவர்களுக்குத் தட்டுங்கள். அண்ணே, நீங்களும்தான்!