பிள்ளை வீடு திரும்பும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது அரசாங்கப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களைப் பற்றி. வளர்ப்புப் பெற்றோரைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது, பாராட்டுகிறோம். பாராட்டவும் வேண்டும். சிறுவர் இல்லங்களுக்குத் தீபாவளி நேரத்தில் பலகாரமும் புதுத்துணியும் கொண்டுபோகிறோம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் தன் வாடகை வீட்டில் அதே தீபாவளியை எப்படிக் கழிக்கிறாள் என்று யாரும் விசாரிப்பதில்லை. குடும்பச் சேவைத் துறையில் நான் அதிகம் பழகியது இவர்களோடுதான். அவர்களுக்கு ஒரு துணை வேண்டும், அதுவும் குறிப்பிட்ட ஒரு வகைத் துணை வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் உள்ள நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை அடிபடுகிறது, அல்லது கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது என்று தகவல் போனால், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்புச் சேவை விசாரிக்கும். வீட்டில் வைத்தே பாதுகாக்க முடியாத நிலை என்றால் சொந்தக்காரர்கள், வளர்ப்புக் குடும்பம், சிறுவர் இல்லம் என்று ஓர் இடம் பார்ப்பார்கள். வழக்கு இளையர் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே நீதிபதிக்கு ஆலோசனை சொல்லச் சமூகத்திலிருந்து இரண்டு பேர் உடன் இருப்பார்கள். பெற்றோர் மனநல ஆலோசனைக்குப் போகவேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம். முன்பு 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு, 2020 ஜூலையிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் உண்டு. சிங்கப்பூரில் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் 1956லேயே தொடங்கிவிட்டது. அது தற்காலிக ஏற்பாடு. வீடு பாதுகாப்பானதும் பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் பிள்ளையைப் பிரிந்த முதல் வாரத்தில் ஒரு தாயின் காதில் இதில் எதுவும் விழாது. "என் பிள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாங்க", அவ்வளவுதான். அதிகாரி நிதானமாக விளக்குவார். தாள் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார். அவள் தலையை ஆட்டுவாள். வீட்டுக்குப் போய் அந்தத் தாளைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அழுவாள்.

பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் போய்ப் பார்க்கும் சந்திப்பு நேரத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். யாருடைய கதை என்று அடையாளம் தெரியாதபடி பலருடைய அனுபவத்தைச் சேர்த்தே சொல்கிறேன். ஒரு சின்ன அறை, ஓரத்தில் விளையாட்டுச் சாமான்கள், ஒரு நாற்காலியில் குறிப்பெடுக்கும் ஊழியர். அம்மா லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பிடித்த முறுக்கு வாங்கி வந்திருக்கிறாள். நல்ல சட்டை போட்டு, தலையில் பூ வைத்து வந்திருக்கிறாள். பிள்ளைக்கு மூன்று வயது. உள்ளே வருகிறான், பார்க்கிறான், திரும்பி வளர்ப்புத் தாயின் காலைக் கட்டிக்கொள்கிறான். முறுக்கைக் கையால் தொடக்கூட இல்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா வரவில்லை. கோப்பில் "வரவில்லை" என்று ஒரு குறிப்பு ஏறும். ஊழியர் போன் போட்டால் எடுக்கமாட்டாள். அக்கறையில்லாதவள் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவளால் இன்னொரு முறை அந்த அறைக்குள் போக முடியவில்லை. இப்படி இரண்டு மூன்று குறிப்புகள் சேர்ந்தால் பிள்ளை திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் சமூகச் சேவை ஊழியர் என்ன சொன்னாலும் அவள் மனதில் ஏறுவது கடினம். ஊழியர் நல்லவர்தான், ஆனால் அவர் கையில் பேனா இருக்கிறது. அழுதால் எழுதுவாரோ, கோபப்பட்டால் அதையும் எழுதுவாரோ என்று பயம். இதே அறையில் உட்கார்ந்து, தன் பிள்ளையும் இதேபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து, பிறகு அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்த இன்னொரு அம்மா பேசினால் நிலைமை வேறு. "எம்புள்ளையும் இப்படித்தான் பண்ணான் தங்கச்சி. உன்ன மறக்கல, உம்மேல கோவமா இருக்கான். வாராவாரம் அதே நேரத்துக்குப் போ. கால் மணி நேரம் முன்னாடியே போய் உட்காரு. புதுசு புதுசா சாமான் வாங்கிட்டுப் போகாத, ஒரே கதைப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோ. எப்ப வீட்டுக்கு வர்றேன்னு கேக்காத, தேதி சொல்லாத." இந்த அறிவு எந்தத் தாளிலும் இருக்காது. பட்டுத் தெரிந்துகொண்டவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.

சரி, அப்படிப்பட்ட அக்காவைத் தேடி எங்கே போவது? நம் சட்டப்படி இத்தகைய வழக்குகளில் உள்ள பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடக்கூடாது. இளையர் நீதிமன்ற விசாரணையும் பொதுமக்கள் முன் நடப்பதில்லை. பிள்ளையின் நன்மைக்காக வைத்த விதி அது, மிகச் சரியான விதி. ஆனால் அதனால் பெற்றோருக்கு ஒரு தனிமை வந்துவிடுகிறது. ஒரே புளோக்கில் இருவர் இருந்தாலும் ஒருவரையொருவர் தெரியாது. அதற்குமேல் நம் சமூகத்தின் வாய்க்குப் பயம். "பையன் எங்கம்மா காணோம்?" என்று கோயிலில் யாராவது கேட்டால், "ஊர்ல பாட்டி வீட்டுல விட்டிருக்கோம்" என்று சொல்கிறார்கள். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் கோயிலுக்கே போவதை நிறுத்திவிடுகிறார்கள். உதவி செய்யக்கூடிய சொந்தங்களிடமிருந்தும் விலகிப்போகிறார்கள். ஆகவே இந்தச் சந்திப்பு தற்செயலாக நடக்காது. யாராவது ஏற்பாடு செய்தால்தான் நடக்கும்.

மற்ற நாடுகளில் இதை முறையான வேலையாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே கான்ட்ரா கோஸ்டா என்ற மாவட்டம். தங்கள் பிள்ளைகளைத் திரும்பப் பெற்ற பெற்றோரைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்து, புதிதாக அந்த நிலைக்கு வந்தவர்களுக்குத் துணையாக விட்டார்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் அதை ஆராய்ந்தார்கள். துணை கிடைத்தவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வீடு திரும்பினார்கள். கிடைக்காதவர்களிடம் அது 26 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. துணையை விரும்பி ஏற்றவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் முனைப்பு உள்ளவர்களாக இருந்திருக்கலாம். அதனால் வித்தியாசம் முழுவதையும் அந்தத் துணையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் அதை ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அயோவா மாநிலத்திலும் இதே வகைத் திட்டம் நடக்கிறது.

இந்த யோசனை நமக்கு அந்நியமும் அல்ல. மனநோயிலிருந்து மீண்டு வந்தவர்கள் அதே நோயில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கப் பயிற்சி பெறும் திட்டம் 2016 முதல் சிங்கப்பூரில் இருக்கிறது. மனநலக் கழகத்திலேயே அப்படிப்பட்டவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். சிறை சென்று திரும்பியவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிப்பதையும் மஞ்சள் நாடா இயக்கத்தின் வழியாகப் பார்த்திருக்கிறோம். பிள்ளையைப் பிரிந்த பெற்றோருக்கும் அதே அளவு முறையான, சம்பளம் உள்ள ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அக்கா என்னவெல்லாம் செய்யக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். அவர் வழக்கறிஞர் இல்லை. அம்மா பக்கம் நின்று அமைச்சோடு சண்டை போடுபவரும் இல்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்கக்கூடாது, அதை முதல் நாளே அந்த அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும். எல்லாக் குடும்பமும் மறுபடி சேர்ந்துவிடாது. சில பிள்ளைகளுக்குத் திரும்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அப்போதும் அந்த அம்மா தன்னைக் கைவிடாமல் இருக்க ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அப்புறம், துணை நிற்பவரின் பழைய காயமும் திறந்துகொள்ளும். அடுத்தவர் அழும்போது தன் நாட்கள் நினைவுக்கு வரும். அவரைக் கவனிக்கவும் ஒரு மூத்த ஊழியர் இருக்கவேண்டும். "நீங்கதான் அனுபவப்பட்டவங்களாச்சே, பேசுங்க" என்று தள்ளிவிட்டுப் போகக்கூடாது.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இன்னொன்று. வளர்ப்புக் குடும்பம் வேற்றினத்தவராக இருந்தால், சில மாதங்களில் பிள்ளையின் வாயில் தமிழ் குறைந்துவிடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும். சந்திப்பு அறையில் இருவருக்கும் பேச வார்த்தை இல்லாமல் போய்விடும். ஓர் அம்மா, அனுமதி கேட்டு, இரவில் சொல்லும் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து வளர்ப்புத் தாயிடம் கொடுத்தார். சீன வளர்ப்புத் தாய் அதைத் தினமும் தூங்கும் நேரத்தில் போட்டுவிட்டார். இப்படிச் செய்யலாம் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது, அதே வழியில் முன்பு வந்த இன்னோர் அம்மா.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருடைய பிள்ளை பராமரிப்பில் இருந்து வீடு திரும்பியிருக்கும். உங்களை வானொலியில் வந்து பேசச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லவும் சொல்லவில்லை. உங்கள் குடும்பச் சேவை நிலைய ஊழியரிடம், "என்னைப்போல ஒருத்தர் வந்தால் நான் பேசத் தயார்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். இப்போது பிள்ளையைப் பிரிந்து இருப்பவர்கள், அதே ஊழியரிடம், "இதைக் கடந்து வந்த ஒருத்தரோடு பேச முடியுமா?" என்று கேளுங்கள். கேட்டால் உங்களைப் பற்றித் தவறாக எழுதிவிடமாட்டார்கள். அடுத்த சந்திப்புக்குப் போக மனம் வராவிட்டாலும் போன் போட்டுக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், பேசாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டில் இப்போது யாருக்காவது அடி விழுகிறது என்றால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

நன்றி, வணக்கம்.